வாழ்வு நம்மிடம் கேட்கும் கேள்வி

 

சுகாதாரம், சேமிப்பு, கூட்டுறவு, பிள்ளைகளின் கல்வி ஆகியவை பற்றி இத்தகைய கூட்டங்களில் பலமுறை பேசப்பட்டிருக்கிறது. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ கண்ணுக்குப் புலப்படாதது; ஆயினும் நம்மில் பலரை உள்ளிருந்தே அரித்துக்கொண்டிருப்பது. அதற்கு விரக்தி என்று பெயர். 'எதற்காக வாழ வேண்டும்?' என்னும் கேள்வியே அதன் வடிவம்.

இக்கேள்வி எவ்வாறு எழுகிறது என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். பொழுது விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குச் சென்று, நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் நிரையிலுள்ள மரங்களை ஒவ்வொன்றாகச் சீவி, மங்குகளைத் துடைத்து வைத்து, பாலெடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து வீடு திரும்புகிறார் ஒரு தொழிலாளி. மறுநாளும் அதே தீம்பார், அதே வாளி. இவ்வாறே முப்பது ஆண்டுகள் கழிகின்றன. பிள்ளைகள் வளர்ந்து பட்டணத்துக்குச் சென்றுவிடுகின்றனர். பக்கத்துத் தோட்டம் வீடமைப்புத் திட்டத்துக்கு விற்கப்படுகிறது. பால்மரம் நின்ற மேட்டில் செம்பனை நிற்கிறது. ஒரு நாள் மாலை, வாசற்படியில் அமர்ந்திருக்கும்போது, 'இத்தனை காலம் உழைத்து என்ன கண்டோம்?' என்று உள்ளம் கேட்கிறது. விடை கிடைப்பதில்லை.

இக்கேள்வி எழுவது குற்றமன்று, கோழைத்தனமும் அன்று. மாடு இக்கேள்வியைக் கேட்பதில்லை. சிந்திக்கத் தெரிந்த மனிதன்தான் கேட்கிறான். வறியவர்க்கும் இது தோன்றும்; வயிறு நிறைந்தவர்க்கும் தோன்றும். ஆனால் விடை காணாமல் இதனுள்ளேயே நெடுநாள் தங்கிவிடுவது கேடு பயக்கும். மறதியை நாடிச் சம்சுவின் பக்கம் சென்றோர் எத்தனையோ பேர். மறுநாள் காலையில் போதை தெளிகிறது. கேள்வியோ அங்கேயே நிற்கிறது. அத்துடன் கடனும் சேர்ந்துகொள்கிறது.

இக்கேள்வியை மிகக் கொடிய இடத்தில் நின்று ஆராய்ந்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் விக்டர் பிராங்க்ல். 1905ஆம் ஆண்டில் ஆஸ்திரியா நாட்டு வியன்னா நகரில் பிறந்தவர், மனநோய் மருத்துவர், யூத இனத்தவர். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பரில், ஹிட்லரின் ஆட்சியினர் அவரையும் அவர்தம் மனைவியையும் பெற்றோரையும் முகாமுக்குக் கொண்டுசென்றனர். அங்கேயே தந்தையார் மாண்டார். 1944இல் பிராங்க்ல், அவுஷ்விட்ஸ் என்னும் கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டார். உழைத்து எழுதி, மேற்சட்டைக்குள் வைத்துக் காத்த நூலின் கையெழுத்துப் படியும் அங்கே பறிபோயிற்று. 1945 ஏப்ரலில் விடுதலை பெற்று ஊர் திரும்பியபோது, தாயும் மனைவியும் சகோதரனும் உயிரோடில்லை என்பதை அறிந்தார்.

இத்தகைய மனிதர், 'வாழ்வுக்குப் பொருளே இல்லை' என்று சொல்லியிருந்தால் அவரை மறுத்துப் பேச நமக்குத் துணிவு வந்திராது. அவரோ அவ்வாறு சொல்லவில்லை. முகாமில் நம்பிக்கையிழந்து உயிரைவிட எண்ணிய இருவரைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். வாழ்விலிருந்து இனி எதிர்பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பது அவ்விருவரின் முறையீடு. பேசிப் பார்த்ததில், ஒருவர்க்கு அயல்நாட்டில் ஒரு குழந்தை காத்திருந்தது தெரிய வந்தது. மற்றவர் அறிஞர், தொடங்கிய நூல்வரிசை முடியாமல் கிடந்தது. அக்குழந்தைக்கு வேறு தந்தை இல்லை. அந்நூலை எழுதி முடிக்க வேறு ஆள் இல்லை. அதை உணர்ந்தபின் தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்ள அவர்களால் இயலவில்லை.

இதிலிருந்து பிராங்க்ல் கண்ட உண்மை எளியது. 'வாழ்விலிருந்து எனக்கு என்ன கிடைக்கும்?' என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். உண்மையில் கேட்பது வாழ்வு. விடை சொல்ல வேண்டியவர்கள் நாம். நாள்தோறும் நம்முன் ஒரு வேலையையோ ஒரு மனிதரையோ ஒரு துன்பத்தையோ நிறுத்தி, 'இதற்கு நீ என்ன செய்யப் போகிறாய்?' என்று வாழ்வு வினவுகிறது. வாயால் சொல்லும் விடை அதற்குப் போதாது. செயலால் சொல்ல வேண்டும். நல்லெண்ணம் இருந்தவர் எல்லாரும் முகாமில் பிழைத்தனர் என்று இதற்குப் பொருளன்று. நச்சுப்புகை அறைக்கு அனுப்பப்பட்டோரை எந்த எண்ணமும் காக்கவில்லை. உயிரோடிருந்த நாள்வரை மனிதராக நிற்க அந்த எண்ணம் பலர்க்கு உதவியது என்பதே அவர் சொன்னது.

'வியன்னா மருத்துவரின் கதை நமக்கெதற்கு?' என்று நீங்கள் நினைக்கலாம். அவர் முகாமுக்குச் சென்ற அதே 1942ஆம் ஆண்டில்தான் சயாம் - பர்மா இரயில் பாதை வேலை தொடங்கிற்று. ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. ஜப்பானியர் அவ்வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுசென்றனர். வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் காட்டிலேயே மடிந்தோர் ஏராளம். அதனை மரண இரயில் என்று நம் முன்னோர் அழைத்தது காரணமில்லாமல் அன்று.

போனவர் திரும்பாத வீடுகளில் பெண்கள் இருந்தனர், கைக்குழந்தைகள் இருந்தன, அரிசி இல்லை. அத்தாய்மார்கள் தத்துவ நூல் எதையும் படித்தவர்கள் அல்லர். 'பிள்ளை பசித்திருக்கிறது, நீ என்ன செய்யப் போகிறாய்?' என்று வாழ்வு அவர்களைக் கேட்டது. மரவள்ளிக் கிழங்கை நட்டு, அவித்து, பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். போர் முடிந்ததும் மீண்டும் வாளியைத் தூக்கினார்கள். இன்று இந்நாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, அந்தக் கிழங்கால் பிழைத்தவர்களின் வழிவந்தவை. அவர்கள் வாழ்ந்ததற்குப் பொருள் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

வாழ்வுக்குப் பொருள் காண மூன்று வழிகளை பிராங்க்ல் கூறினார். முதலாவது வழி, செய்யும் வேலை. இங்கே பெரிய வேலை, சிறிய வேலை என்ற பேதம் இல்லை. மரத்தில் காயம் படாமல், பட்டையை வீணாக்காமல் சீவுவது ஒரு கலை. நன்றாகச் சீவிய இடத்தில் பட்டை மீண்டும் வளர்ந்து, பின்னொரு காலத்தில் வேறொருவர் சீவுவதற்குப் பயன்படுகிறது. ஆழமாக வெட்டியவனின் கைக்குறையோ மரம் உள்ளளவும் முடிச்சாக நிற்கிறது. நாம் எடுத்த பால் மருத்துவரின் கையுறையாகிறது; ஆகாய விமானத்தின் சக்கரமாகிறது. அதை அணிபவர் நம் பெயரை அறியமாட்டார். அறியாவிட்டாலும் நம் உழைப்பு அவரைச் சென்று சேர்கிறது.

இரண்டாவது வழி, அன்பு. ஒரு மனிதரையோ இசையையோ இயற்கையையோ உள்ளன்போடு நேசிப்பதும் வாழ்வுக்குப் பொருள் தருகிறது. பட்டணத்துப் பேரன் விடுமுறைக்கு வரும் நாளை எண்ணிக் காத்திருக்கும் பாட்டியின் மனத்தில் விரக்திக்கு இடம் குறைவு. மாரியம்மன் திருவிழாவுக்கு உறுமி பழகும் இளைஞனும் அவ்வாறே.

மூன்றாவது வழி, தவிர்க்க முடியாத துன்பத்தை ஏற்கும் முறை. மனைவியை இழந்து தேற முடியாமலிருந்த முதிய மருத்துவர் ஒருவர் பிராங்க்லிடம் வந்தார். 'முதலில் நீங்கள் இறந்திருந்தால் என்னவாகியிருக்கும்?' என்று பிராங்க்ல் வினவினார். 'அவள் தாங்கியிருக்கமாட்டாள்' என்றார் முதியவர். அத்துன்பம் அம்மையாரைச் சேராதபடி இப்போது தாமே சுமந்துகொண்டிருப்பதை அவர் உணர்ந்தார். ஒன்றும் பேசாமல் கைகுலுக்கிவிட்டுச் சென்றார். துன்பம் குறையவில்லை, அதற்கொரு பொருள் கிடைத்தது.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தவிர்க்கக்கூடிய துன்பத்தைப் பொறுத்துக்கொண்டிருப்பது பெருமையன்று. அதன் காரணத்தை நீக்குவதே அறிவுடைமை என்று அவரே சொல்லியிருக்கிறார். 'எல்லாம் தலைவிதி' என்று சோர்ந்து அமர்வோர் இதை நினைவில் வைக்க வேண்டும். ஐம்பதுகளில் வெள்ளையர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, பல குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தன. அன்று துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் தோட்டந்தோறும் சென்று தொழிலாளரைத் திரட்டி, 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தி, நூறு வெள்ளிப் பங்கைத் தொழிலாளர் வாங்கினர். கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று. தனித்தனியே கலங்கியவர்கள் கூடி நின்றபோது தோட்ட உரிமையாளர்கள் ஆனார்கள். ஆகவே குறை இருப்பின் சங்கத்திடமோ தொழிலாளர் இலாகாவிடமோ முறையிடுங்கள். மாற்ற முடிந்ததை மாற்றுவதும் வாழ்வின் கேள்விக்கு நாம் தரும் விடைதான்.

வள்ளுவப் பெருந்தகையின் வரிசையும் இதற்கு இசைவானது. திருக்குறளில் 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை, அதாவது முயற்சி. அதை அடுத்து வரும் 63ஆம் அதிகாரமே இடுக்கணழியாமை. அதாவது துன்பத்தில் கலங்காமை. முயற்சியைச் சொன்ன பிறகே தாங்குவதைச் சொல்கிறார் அவர்.

வேலையின்றி வீட்டிலிருக்கும் இளைஞர்களுக்கு ஒரு சொல். 1933ஆம் ஆண்டில், வேலையற்ற இளைஞர்களின் மனச்சோர்வைப் பற்றி பிராங்க்ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 'வேலை இல்லாத நான் பயனற்றவன். பயனற்றவன் வாழ்வு பொருளற்றது' என்று அவர்கள் எண்ணியிருந்தனர். ஊதியமின்றியேனும் இளைஞர் மன்றங்களிலும் பொது நூலகங்களிலும் தொண்டு செய்யுமாறு அவர் அவர்களைத் தூண்டினார். கையில் காசு வரவில்லை, பசியும் தீரவில்லை. ஆயினும் மனச்சோர்வு நீங்கிற்று. ஆகவே வேலை தேடுவதை நிறுத்தாதீர்கள். அது கிடைக்கும்வரை தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுங்கள். கோயில் வளாகத்தைச் சீர்செய்யுங்கள். தனித்திருக்கும் முதியவர்க்கு மருந்து வாங்கிக் கொடுங்கள்.

இறுதியாக ஒன்று. எல்லாச் சோர்வையும் சிந்தனையால் மட்டும் நீக்கிவிட முடியாது. அளவுக்கு மீறிச் சீவிய மரத்தில் கோடு வறண்டு பால் நின்றுவிடும். அனுபவமுள்ள வெட்டுக்காரர் அம்மரத்தை இன்னும் ஆழமாகச் சீவுவதில்லை. அதற்கு ஓய்வு கொடுக்கிறார். மனிதர்க்கும் அவ்வாறே வறட்சி வருவதுண்டு. இரண்டு வாரத்துக்கு மேலாக உறக்கமும் உணவும் குறைந்து, எதிலும் நாட்டமின்றி, இறந்துவிடலாம் என்ற எண்ணம் தோன்றுமாயின், அது நோய்; மருத்துவம் உண்டு. அதில் வெட்கப்பட ஏதுமில்லை. அரசாங்க மருந்தகத்துக்குச் செல்லுங்கள். சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய 15555 என்னும் எண்ணை அழைக்கலாம். 1970 முதல் கோலாலம்பூரில் தொண்டாற்றிவரும் பிஃபிரண்டர்ஸ் அமைப்பினரை 03-76272929 என்ற எண்ணில் அழைத்தும் மனம்விட்டுப் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வதைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை நாடாளுமன்றம் 2023இல் நீக்கிவிட்டது. ஆகவே வழக்குக்கு அஞ்சி எவரும் மறைந்திருக்க வேண்டியதில்லை.

அக்கம்பக்கத்தார்க்கும் கடமை உண்டு. எப்போதும் பேசுபவர் பேச்சைக் குறைத்தால், பெரட்டுக்கு வருவதை நிறுத்தினால், போய்ப் பாருங்கள். அறிவுரை சொல்ல விரையாதீர்கள். அருகில் அமர்ந்து கேளுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். தோட்ட மருந்துகளை வீட்டுக்குக் கொண்டுவராமல் ஸ்டோரிலேயே பூட்டி வையுங்கள்.

தோழர்களே! 'எதற்காக வாழ்கிறோம்?' என்னும் கேள்விக்கு எல்லார்க்கும் பொதுவான விடை ஒன்றை எவரும் எழுதித் தர முடியாது. ஒருவர்க்கு அது பேரனின் பள்ளிக் கட்டணம். மற்றொருவர்க்கு நோயுற்ற மனைவியின் கஞ்சி. வேறொருவர்க்குத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் கூரை. நாளைக் காலையும் உங்கள் வாசலில் ஏதோ ஒன்று வந்து நிற்கும். அதைச் செய்ய உங்களைத் தவிர வேறு ஆள் இல்லையென்றால், நீங்கள் தேடும் விடை அதுவே.