புது வீட்டின் மொழி

சீனாவில் பிறந்து, இரண்டரை வயதுக்குமேல் அமெரிக்கக் குடும்பங்களுக்குத் தத்துப்போன பிள்ளைகளைப் பற்றி ஹார்வர்டின் ஜெஸ்ஸி ஸ்னெடேக்கர் குழு ஆராய்ந்தது. அதன் முடிவு 2007-இல் வந்தது. ஏற்கெனவே ஒரு மொழியில் பேசிப் பழகிய பிள்ளைகள்தான். ஆனாலும் ஆங்கிலத்தைக் கைக்குழந்தை போலவே தொடங்கினார்கள். முதலில் ஒற்றைச் சொற்கள். அவற்றில் பெரும்பாலும் பொருள்களின் பெயர்கள். வினைச்சொற்கள் மெல்லத்தான் கூடின. ஆனால் வேகம் மட்டும் கைக்குழந்தையைவிட அதிகம். இப்படிப்பட்ட பிள்ளை பேசத் தாமதித்தால் உடனே குறை என்று பயந்துவிடாதீர்கள்.

சரி, விட்டுவந்த தாய்மொழி எங்கே போகிறது? என்னை நெகிழவைப்பது இதுதான். கனடாவின் மாண்ட்ரியலில், குழந்தையிலேயே தத்தெடுக்கப்பட்டு பிரெஞ்சு மட்டும் பேசி வளர்ந்த சீனப் பெண்பிள்ளைகளுக்குச் சீன ஒலிகளைக் கேட்கவைத்து மூளையைப் படம்பிடித்தார்கள். பிள்ளைகளுக்குச் சீனம் தெரியாது. மூளையோ, சீனம் பேசும் பிள்ளைகளின் மூளை இயங்கிய அதே இடப்பக்கத்தில் இயங்கியது! இது 2014-இல் வெளியான ஆய்வு. நெதர்லாந்துக்குத் தத்துப்போய் வளர்ந்த கொரியப் பிள்ளைகள் பெரியவர்களான பிறகு கொரிய ஒலிகளைப் பயின்றபோது, நெதர்லாந்திலேயே பிறந்தவர்களைவிட நன்றாக உச்சரித்தார்கள். ஆறு மாதம் நிறையுமுன் தத்துப்போனவர்களும் அவர்களில் உண்டு.