இல்லாத எண்ணெய்க்கு ஒரு கணக்கு

போன எபிசோட்ல ஷேல் எண்ணெய் பற்றிப் பேசினோம். கேட்டவங்கள்ல சிலர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீங்க: "இன்னும் கண்டுபிடிக்காத எண்ணெய் இவ்வளவு இருக்குன்னு எப்படிங்க சொல்றாங்க?"

நல்ல கேள்வி. இதுக்கு கலிஃபோர்னியாவில் நடந்த ஒரு கதையைச் சொல்றேன்.

முதல்ல ஒரு அடிப்படை. வழக்கமான எண்ணெய் வயல்ல, எண்ணெய் தான் உருவான பாறையை விட்டு நகர்ந்து, வேறொரு நுண்துளைப் பாறையில் வந்து சிக்கியிருக்கும். ஷேல் எண்ணெய் பிறந்த பாறையிலேயே இறுகிக் கிடக்கும். கிணற்றைப் பக்கவாட்டில் தோண்டி, தண்ணீர், மணல், ரசாயனக் கலவையை அழுத்தத்தோடு செலுத்தி, பாறையை விரிசல் விட வைத்துத்தான் எடுக்கணும். அதுதான் ஃப்ராக்கிங். இந்த எண்ணெய் ஓரிடத்தில் தேங்கி நிற்காமல் பரந்து கிடப்பதால், மதிப்பீடும் பரப்பளவை வைத்துத்தான்.

2011ல் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம், அதாவது இ.ஐ.ஏ., ஓர் ஆலோசனை நிறுவனம் தயாரித்த அறிக்கையை வெளியிட்டது. கலிஃபோர்னியாவின் மான்டெரி ஷேலுக்கு அதில் இருந்த கணக்கு இது: பரப்பு 1,752 சதுர மைல். சதுர மைலுக்கு 16 கிணறு. ஒரு கிணறு தன் ஆயுளில் தருவது 5.5 லட்சம் பேரல். பெருக்கிப் பாருங்க. சுமார் 1,540 கோடி பேரல் வரும். அமெரிக்காவின் மொத்த ஷேல் எண்ணெய்னு அந்த அறிக்கை சொன்னதில் கிட்டத்தட்ட மூணில் ரெண்டு பங்கு!

அந்த எண்ணின் மேலே அடுத்த மாடி கட்டினாங்க. 2013ல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, 2020க்குள் 28 லட்சம் வேலைகள், 2,460 கோடி டாலர் வரி வருமானம் வரை கிடைக்கலாம்னு சொன்னது. எண்ணெய் நிறுவனங்களின் சங்கமும் அதுக்கு நிதி கொடுத்திருந்தது. எதிர்ப்பாளர்களும் அதே 1,540 கோடியை எடுத்துக்கிட்டு, இவ்வளவையும் எரிச்சா பூமி என்ன ஆகும்னு கேட்டாங்க. ரெண்டு தரப்பும் நின்னது ஒரே எண் மேலதான்.

கனடா புவியியலாளர் டேவிட் ஹியூஸ், ஏற்கெனவே தோண்டிய கிணறுகளின் உற்பத்தித் தரவை எடுத்துப் பார்த்தார். 5.5 லட்சம் என்பது நடைமுறைக்கு ரொம்பத் தூரத்தில் இருந்தது. காரணம் நிலத்திலேயே இருக்கு. வடக்கு டகோட்டாவின் பேக்கன் பாறை பாய் விரிச்ச மாதிரி சமமா கிடக்கு. மான்டெரி, சான் ஆண்ட்ரியாஸ் பிளவுக்குப் பக்கத்தில் மடிந்து, நொறுங்கிக் கிடக்கு. அதிலிருந்த எண்ணெயில் பெரும்பகுதி எப்பவோ வெளியேறி, பழைய எண்ணெய் வயல்களுக்குப் போயிடுச்சு.

2014 மே மாதம் இ.ஐ.ஏ. தன் மதிப்பீட்டை 60 கோடி பேரலாகக் குறைத்தது. 96 சதவீத வெட்டு. 2015ல் அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் சான் வாக்கின் படுகையின் ஆழமான மான்டெரியை மட்டும் தனியாக மதிப்பிட்டு, சராசரி 2.1 கோடி பேரல் என்றது. அமெரிக்காவின் ஒரு நாள் செலவைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

அப்போ மதிப்பீடு எல்லாமே ஊதிப் பெருக்கியதா? அப்படியும் சொல்ல முடியாது. இதே ஆய்வகம் பேக்கனுக்கு 1995ல் 15.1 கோடி பேரல்னு சொன்னது. 2008ல் அதே பாறைக்கு 365 கோடி! பாறை மாறலை. தோண்டும் முறையும், கையில் இருந்த கிணற்றுத் தரவும் மாறிடுச்சு.

இதில் என்னை உறுத்துவது வேற ஒண்ணு. 1,540 கோடி வருமா வராதான்னு எல்லாரும் சண்டை போட்ட அதே காலத்தில், கெர்ன் கவுண்டியின் பழைய வயல்களில் ஃப்ராக்கிங் நடந்துக்கிட்டேதான் இருந்தது. 2013ல் வந்த மாநிலச் சட்டம் கேட்டதால் நடந்த அறிவியல் ஆய்வு, 2015ல் அதைத் தெளிவாச் சொன்னது. எண்ணெயோடு வரும் கழிவுநீரை அடித்தளம் பூசாத குழிகளில் விட்டு மண்ணில் இறங்க வைக்கிறாங்க, விவசாயம் நடக்கும் பள்ளத்தாக்கில் இது நிலத்தடி நீருக்கு ஆபத்தாகலாம், அந்த நீரில் ஆபத்தான ரசாயனம் இல்லைன்னு உறுதிப்படுத்த முடியலைன்னா படிப்படியா நிறுத்தணும்னு சொன்னது. வராத எண்ணெய்க்குக் கிடைத்த கவனம், மண்ணில் இறங்கிக்கிட்டிருந்த தண்ணீருக்குக் கிடைக்கலை.

நமக்கும் இது தூரத்துக் கதை இல்லை. இ.ஐ.ஏ.வின் 2013 உலக ஷேல் மதிப்பீட்டில் காவிரிப் படுகையும் இருந்தது. 2020ல் தமிழ்நாட்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், டெல்டாவில் தடை செய்த தொழில்களில் ஷேல் எரிவாயு எடுப்பதையும் சேர்த்தது. இனி எங்கே ஒரு பெரிய எண்ணைக் கேட்டாலும் மூணு கேள்வி கேளுங்க. எவ்வளவு பரப்பு? ஒரு கிணற்றுக்கு எவ்வளவு? அந்தக் கிணற்று எண் நிஜமா ஓடின கிணற்றிலிருந்து வந்ததா? நாலாவதா, இன்னைக்கு அந்த ஊர்த் தண்ணீர் எப்படி இருக்குன்னும் கேளுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.