இலத்தீன் வகுப்பு கற்பிக்கும் பாடம்



இங்கிலாந்துப் பள்ளிகளில் இலத்தீன் நெடுங்காலம் முதன்மைப் பாடமாக விளங்கிற்று. அது மூளையைக் கூர்மையாக்கும் என்றனர். அமெரிக்க உளவியலறிஞர் தார்ன்டைக் 1924-இல் வெளியிட்ட ஆய்வு, பொதுச் சிந்தனைத் திறனை வளர்ப்பதில் இலத்தீனுக்குப் பெரிய தனிச்சிறப்பு இல்லை என்று காட்டியது. அம்முடிவை நாம் ஏற்கிறோம். அவ்வாறாயின், அம்மொழியைக் கற்பதன் பயன் யாது?

ஒரு தொடரைக் காண்போம். ‘லுபுஸ் அக்னும் விதெத்’ என்றால் ‘ஓநாய் ஆட்டுக்குட்டியைக் காண்கிறது’ என்பது பொருள். ‘அக்னும் லுபுஸ் விதெத்’ என மாற்றினும் பொருள் மாறாது. ‘உம்’ என்னும் ஈறு செயப்படுபொருளைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் பெயர்களை இடம் மாற்றினால், ஆட்டுக்குட்டி ஓநாயைக் கண்டதாக முடியும். ஆங்கிலச் சிறுவன் வேற்றுமையின் ஆற்றலைத் தெளிவாக உணர்வது இவ்விடத்தில்தான்.

‘உம்’ ஆற்றும் பணியைத் தமிழில் ‘ஐ’ ஆற்றுகிறது. 1716-இல் சீகன்பால்கு வெளியிட்ட தமிழ் இலக்கணம் இலத்தீனில் எழுதப்பட்டது; வீரமாமுனிவரும் கொடுந்தமிழ் இலக்கணத்தை இலத்தீனிலேயே எழுதினார். இலத்தீன் வேற்றுமைகளைக் கற்றிருந்த ஐரோப்பியர்க்குத் தமிழ் வேற்றுமை புதிராக இருந்திராது.

இன்று நம் வகுப்புகளிலும் வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் பலர். அவர்களை எட்டு வேற்றுமைகளையும் மனனம் செய்யச் சொன்னோம். நாமும் பல்லாண்டு அப்பிழையைச் செய்தோம். இனி, முதலில் ஒரு தொடரைத் தருவோம். சொற்களை இடம் மாற்றச் சொல்வோம். பொருளைக் காப்பது எது என்று வினவுவோம். ‘ஐ’ உருபை அவர்களே கண்டெடுக்கட்டும். பெயரைப் பிறகு சொல்லலாம்.