முதலில் எர்த் ஒயர்

கார் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. சென்சாரை மாற்றுகிறீர்கள், அணைகிறது. சில நாளில் மறுபடி விளக்கு, மறுபடி பில். வயிறு எரியத்தானே செய்யும்?

பெரிய முதலியார்சாவடி, மரக்காணம் எனக் கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்களே, முதலில் எர்த் ஒயரைப் பாருங்கள். பேட்டரி மைனஸ் முனையிலிருந்து பாடிக்குப் போகிற ஒயர். கடற்காற்றின் உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். உப்பு ஜாடியின் இரும்பு மூடி போல ஒயர் முனையும் அரித்துப்போகும். அரித்தால் மின்சாரம் சீராக ஓடாது. நல்ல சென்சாரும் தப்பாகச் சொல்லும்.

மெக்கானிக்கின் ஸ்கேனரில் வந்த எரர் கோடை எழுதி வாங்குங்கள். கோளாறு தெரிந்த இடத்தைத்தான் அது காட்டும். கெட்ட பாகம் அந்த இடத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. "எர்த்தைச் சுத்தம் பண்ணிப் பார்த்தீங்களா?" என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பாகம் மாற்றுவது அப்புறம்.

ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். உடனே ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.