கல்லறையிலும் கொள்கை

ஒரு பேச்சு ஒரு மாநிலத்தின் பள்ளிகளைக் காத்த வரலாற்றைச் சொல்கிறேன், கேளுங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா சட்டமன்றத்தில், 1835-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் ஆற்றப்பட்ட பேச்சு அது. பேசியவர், கெட்டிஸ்பர்க் நகரத்து வழக்கறிஞர் தாடியஸ் ஸ்டீவன்ஸ்.

1792-இல் வெர்மான்ட் மாநிலத்தில், வளைந்த பாதத்தோடு பிறந்தவர் அவர். தந்தை குடும்பத்தைக் கைவிட்டார். தாய் உழைத்துப் படிக்க வைத்தார். கல்வியின் அருமையைத் தாயின் உழைப்பிலே கண்டவர்.

அந்நாளில் பென்சில்வேனியாவில் ஏழைப் பிள்ளைக்கு இலவசக் கல்வி உண்டு. 1809-ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஆனால், பெற்றோர் தம்மை ஏழை என்று பதிந்துகொள்ளவேண்டும்! எழுத்தைத் தருமுன் இழிவைத் தந்தது அச்சட்டம். மானமுள்ளோர் பலர் பிள்ளைகளை அனுப்ப மறுத்தனர். 1834-இல், எல்லோருக்கும் பொதுப் பள்ளி என்ற புதுச் சட்டம் வந்தது. உடனே எழுந்தது எதிர்ப்பு. எவர் பிள்ளையோ படிக்க நாம் ஏன் வரி கட்டவேண்டும் என்றனர் செல்வர். மனுக்கள் குவிந்தன. சட்டத்தை ஒழிக்கும் மசோதாவுக்குச் செனட் சபை இசைவும் அளித்துவிட்டது.

ஸ்டீவன்ஸ் எழுந்தார். நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் வரி கட்டுகிறீரே, அவற்றை நீர் பயன்படுத்தவா கட்டுகிறீர் என்று கேட்டார். குற்றவாளியைத் தண்டிக்கப் பணம் தருவோர், குற்றத்தைத் தடுக்கும் கல்விக்குத் தர மறுப்பது முறையோ என்றார். பள்ளிச் சட்டத்துக்குத் துணைநின்ற ஆளுநர் உல்ஃப் மாற்றுக் கட்சியினர். ஆயினும் அவரை மனமாரப் பாராட்டினார். மசோதா வீழ்ந்தது, பள்ளிகள் பிழைத்தன.

மாசற்ற வாழ்வு என்று சொல்லமாட்டேன். 1821-இல், சாரிட்டி பட்லர் என்ற கறுப்பினப் பெண் விடுதலை கோரிய வழக்கில், அவளை உடைமை என்று உரிமை கொண்டாடியவர் பக்கம் நின்று வாதாடி வென்றவர் இவரே. அந்தக் கறையை மறைப்பது வரலாறு ஆகாது. ஆனால் அந்த இடத்திலேயே அவர் நின்றுவிடவில்லை. 1838-இல், வெள்ளையர்க்கு மட்டுமே வாக்குரிமை என்று எழுதிய மாநில அரசியலமைப்பில் கையெழுத்திட மறுத்தார். பின்னர் நாட்டின் பேரவையில், 1865-இல் அடிமை முறையை ஒழித்த திருத்தத்துக்கும், 1868-இல் சட்டத்தின் முன் சமத்துவம் தந்த திருத்தத்துக்கும் முன்னின்று பாடுபட்டார்.

1868 ஆகஸ்ட் 11-ஆம் நாள் மறைந்தார். புகழ் மிக்கவர்; லங்காஸ்டர் நகரின் பெரிய இடுகாட்டில் இடம் கிடைத்திராதா? கிடைத்திருக்கும். ஆயினும், நிறம் பார்த்து இடம் தரும் இடுகாடு தமக்கு வேண்டாம் என்று, அந்தத் தடையில்லாத எளிய இடுகாட்டையே தேர்ந்தார். காரணத்தையும் கல்லறையில் பொறிக்கச் செய்தார்: வாழ்நாளெல்லாம் வலியுறுத்திய சமத்துவத்தைச் சாவிலும் மெய்ப்பிக்கவே இங்கு உறங்குகிறேன் என்பது அதன் கருத்து.

தோழர்களே! மேடையில் கொள்கை பேசுவது எளிது. தனக்குக் கிடைக்கும் சலுகையைக் கொள்கைக்காக மறுப்பது அரிது. அந்த அரிய செயலைச் செய்தவர் ஸ்டீவன்ஸ்.