சீசன் முடிஞ்சாலும் நம்ம கடை திறந்திருக்கணும்

(குற்றாலத்தில் நடந்த விற்பனைப் பயிற்சியில் பேசியது)



நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு ஒண்ணு சொல்றேன். ஜூன்ல சாரல் விழுந்தா ஆகஸ்ட் வரைக்கும் குற்றாலத்தில் கூட்டம். அருவியில குளிச்சிட்டு வர்றவங்க நம்ம கடையில நேந்திரம் சிப்ஸ், ஊறுகாய், மசாலாப்பொடி வாங்குறாங்க. "ருசியா இருக்கும்மா"ன்னு சொல்லிட்டு மதுரைக்கோ சென்னைக்கோ போயிடுறாங்க. தீர்ந்து போனா மறுபடி நம்மை எங்கே தேடுவாங்க? மீதி ஒன்பது மாசத்து வருமானம் இந்தக் கேள்வியிலதான் இருக்கு.

கூட்டமைப்புக்கு வெப்சைட் போட்டாச்சு. ஆனா அது சந்துக்குள்ள இருக்கிற கடை மாதிரி. மெயின் ரோட்டில் ஒரு போர்டு வச்சாத்தான் ஆள் வரும். அந்தப் போர்டுக்குப் பேர்தான் சமூகப் புக்மார்க்.

புக்மார்க்னா பயப்பட வேண்டாம். படிக்கிற புத்தகத்தில் அடையாளத்துக்குக் காகிதத் துண்டு வைக்கிறோம் இல்லையா? அதேபோல, பிடிச்ச இணையப் பக்கத்தின் முகவரியைக் குறிச்சு வைக்கிறது. அதை எல்லாரும் பார்க்கிற இடத்தில் வச்சா, அதுதான் சமூகப் புக்மார்க். 2003-ல் வந்த டெலிஷியஸ் என்ற தளம் இந்தப் பழக்கத்தைப் பரப்பியது. தமிழிலும் 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம், ஆளாளுக்குத் தனியா எழுதிக்கிட்டிருந்த வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டி, வாசகர்களைக் கொண்டுவந்து சேர்த்தது.

இன்றைக்கு நம்ம பொருளுக்கு ஏற்றது பின்ட்ரெஸ்ட். அதில் படத்தைக் குறிச்சு வைக்கிறாங்க. படத்தைத் தட்டினா நம்ம பக்கம் திறக்கும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைஞ்சிடும். இது ஆறு மாசம் கழிச்சுத் தேடினாலும் கிடைக்கும்.

செய்முறை எளிசு. ஒரு பொருளுக்கு ஒரு பக்கம் வேணும். படத்தின் இணைப்பு வெப்சைட்டின் முகப்புக்குப் போகாம, நேரா அந்தப் பொருளின் பக்கத்துக்கே போகணும். வெளிச்சத்தில், நெட்டுவாக்கில் படம் எடுங்க. வாங்குறவங்க தேடுற வார்த்தையைத் தலைப்பில் போடுங்க. "எங்கள் தயாரிப்பு 3"ன்னு யாரும் தேட மாட்டாங்க, "புளியங்குடி எலுமிச்சை ஊறுகாய்"னு தேடுவாங்க. ஃபோன் நம்பர் குழுவோடதா இருக்கட்டும். தனி ஆள் நம்பர் வேண்டாம்.

எல்லாத்தையும் விட முக்கியம், அந்தப் பக்கம் குறிச்சு வைக்கத் தகுந்ததா இருக்கணும். சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டத்தைப் பார்க்க வெளியூர்க்காரங்க வண்டி கட்டி வர்றாங்களே, அதுக்கு யாராவது விளம்பரமா கொடுத்தாங்க? பார்த்தவங்க மனசு நிறைஞ்சு அடுத்தவங்களுக்குப் படம் அனுப்பினாங்க, அவ்வளவுதான். "வாங்குங்க, வாங்குங்க"ன்னு மட்டும் எழுதினா யாரும் சேமிக்க மாட்டாங்க. ஊறுகாயில் பூஞ்சை பிடிக்காம இருக்க ஈரக் கரண்டி போடக்கூடாது, எண்ணெய் மேலே நிக்கணும்னு நம்ம கைப்பக்குவத்தைச் சேர்த்து எழுதுங்க. அதைக் குறிச்சு வைப்பாங்க. குறிச்சு வச்சவங்க திரும்பி வருவாங்க.

இனி ஒரு எச்சரிக்கை. "500 புக்மார்க் தளங்களில் உங்க லிங்கைப் போட்டுத் தர்றோம், கூகுள்ல முதல்ல வருவீங்க"ன்னு நம்ம கூட்டமைப்புக்கே ஒருத்தர் வந்து பணம் கேட்டார். வேண்டாம்னு தீர்மானம் போட்டோம். ஏன்னா, இந்த மாதிரித் தளங்கள் பலதில் "இந்த இணைப்பைக் கணக்கில் எடுக்காதே"ன்னு தேடுபொறிக்குக் குறிப்பு இருக்கும். 2005-லிருந்தே இந்த ஏற்பாடு உண்டு. காசு கொடுத்து இணைப்பு வாங்கி முன்னால வரப் பார்க்கிறது கூகுள் விதிக்கே விரோதம். பீடி சுத்தியும் களை எடுத்தும் வாரா வாரம் சேர்த்த சேமிப்புப் பணம் அது. ஆளில்லாத ஊரில் 500 போர்டு வைக்க அதைக் கொடுக்கலாமா?

இன்னொன்றும் மனசில் வையுங்க. போர்டு வைக்கிற சுவர் அடுத்தவங்களோடது. டெலிஷியஸ் கைமாறிக் கைமாறி, 2017-ல் புதுசா எதையும் சேமிக்க முடியாம நின்னு போச்சு. 2020 ஜூன்ல டிக்டாக் தடையானப்போ, அதை மட்டும் நம்பியிருந்தவங்க ஒரே ராத்திரியில் வாடிக்கையாளரை இழந்தாங்க. அதனால விலை, படம், செய்முறை எல்லாம் முதல்ல நம்ம வெப்சைட்டில் இருக்கணும். வாங்கினவங்க நம்பர், அவங்க சம்மதத்தோட நம்ம நோட்டில் இருக்கணும்.

"இதெல்லாம் படிச்சவங்க வேலை, நமக்கு வருமா?"ன்னு தயங்காதீங்க. உலகம் பூரா பயன்படுத்துற சோஹோ மென்பொருளை, இங்க பக்கத்துல மத்தளம்பாறையில உட்கார்ந்துதான் நம்ம பிள்ளைங்க எழுதுறாங்க. பேரேடு எழுதத் தெரிஞ்ச நமக்கு இதுவும் வரும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு பொருள், ஒரு நல்ல படம், நாலு வரி செய்முறை கொண்டு வாங்க. கூட்டத்திலேயே உட்கார்ந்து சேர்ந்தே ஏத்துவோம்.