புதிய ஆசிரியரும் திறந்தவெளி வகுப்பும்



பள்ளிக்குப் புதிய ஆசிரியர் ஒருவர் வந்தால் நாம் அளிக்கும் வரவேற்பு எல்லாரும் அறிந்ததே. ஒரு மாலை, ஓர் எலுமிச்சம்பழம், தலைமையாசிரியரின் நீண்ட சொற்பொழிவு. அவ்வகைச் சொற்பொழிவுகளைப் பல ஆண்டுகள் நிகழ்த்தியவன் ஆதலின் அவற்றின் நீளத்தை நான் நன்கறிவேன். கேட்டவர்கள் என்னினும் நன்கறிவர். நான்கு சுவர்களுக்குள் கற்பிக்க வருபவருக்கு அது போதும். ஆற்றங்கரையிலும் மலைச்சாரலிலும் வகுப்பு நடத்த வருபவருக்குப் போதுமா?

அப்படியும் பள்ளிகள் உண்டா என்பீர்கள். உண்டு. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்து ஜீலாங் கிராமர் பள்ளி, 1953-இல் டிம்பர்டாப் என்னும் மலையடியில் ஒரு கிளையை நிறுவியது. ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஓராண்டு முழுவதையும் அங்கே கழிக்கின்றனர். விறகு பிளந்தால்தான் குளிக்க வெந்நீர். பாடமும் உண்டு, மலையேற்றமும் உண்டு. அதற்கும் முன்னர், 1941-இல், கூர்ட் ஹான் என்னும் கல்வியாளர் வேல்ஸ் நாட்டு அபர்டவியில் கடலோரப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். போரில் கப்பல் மூழ்கியபோது, உடல் வலிமை மிக்க இளம் மாலுமிகள் மனந்தளர்ந்து மாய, முதிய மாலுமிகள் பிழைத்தனர் என்ற கருத்தே அப்பள்ளிக்கு வித்தாயிற்று. நம் சென்னையிலும் 1917-இல் அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியச் சிறுவர்க்கெனச் சாரணர் சங்கம் அமைத்தார். அதுகாறும் சாரணர் இயக்கத்தில் நம் சிறுவர்க்குப் பெரும்பாலும் இடமில்லை.

இனி நம் காஞ்சிக்கு வருவோம். இங்கே தனியாக ஒரு மலைப் பள்ளி இல்லை. ஆனால் கைலாசநாதர் கோயிலுக்கும், உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கும், வேடந்தாங்கல் ஏரிக்கும் மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் எவராயினும் அன்று அவர் நடத்துவது திறந்தவெளிப் பள்ளியே. அவர் வெளியூரினர் எனில், அந்த இடத்தைப் பற்றி அவரைவிட நீங்கள் அதிகம் அறிவீர்கள். வகுப்பறையில் ஒருபோதும் நேராத நிலை இது. இதனை எப்படிப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதே என் கேள்வி.

பாலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டின் பெரும்பகுதி அது வெறும் மணல். புதிதாக வந்த ஆசிரியர், "பாதுகாப்பான இடம்" என்று எண்ணி உங்களை இறக்கிவிடக் கூடும். மணல் அள்ளிய பள்ளங்களில் நீர் தேங்கினால் மேலே பார்ப்பவருக்கு ஆழம் தெரியாது என்பதும், 2021 நவம்பரில் அதே ஆறு பெருவெள்ளமாகப் புரண்டது என்பதும் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்களுள் ஒருவனுக்குத் தெரியும். ஆனால் சொன்னால் பயணம் நின்றுவிடுமே என்று வாய்மூடி இருப்பான். அந்த மௌனத்தின் விலை ஓர் உயிராகவும் இருக்கலாம். "ஐயா, இந்தப் பக்கம் வேண்டாம், இங்கே பள்ளம் உண்டு" என்று கூறுபவனே ஆசிரியரை மெய்யாக வரவேற்றவன். அதைக் கேட்டுத் திரும்பிவிடும் ஆசிரியரைக் கோழை என எண்ணாதீர்கள். திரும்பத் தெரிந்தவரிடந்தான் பெற்றோர் தம் பிள்ளைகளை நம்பி ஒப்படைக்க முடியும்.

பழைய ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். புதியவரை முதல் நாளே ஐம்பது பிள்ளைகளுடன் தனியே அனுப்பாதீர்கள். பிள்ளைகள் இல்லாமல் ஒருமுறை அவருடன் அதே வழியில் நடந்துவிட்டு வாருங்கள்.

காஞ்சியில் புதியவரைச் சரியாக நடத்தாததால் வந்த விளைவுக்குக் கல்வெட்டுச் சான்றே உண்டு. நான்காம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்னும் இளைஞர் இங்கிருந்த கடிகையில் கற்க வந்தார். பல்லவரின் குதிரைவீரன் ஒருவனோடு பூசல் விளைந்தது. அவர் ஏட்டை வைத்துவிட்டு வாளை எடுத்தார். கடம்ப அரசையே நிறுவினார். தாளகுண்டாக் கல்வெட்டு இதனைக் கூறுகிறது. நம் பள்ளிகளில் அவ்வளவு தூரம் போகாது; இடமாற்ற விண்ணப்பத்தோடு நின்றுவிடும்.

நிற்க. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களும் திறந்தவெளி வகுப்பே. காலையில் தெருவில் பாவு நீட்டுவதை ஆசிரியருக்குக் காட்டுங்கள். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைக்கும் இரண்டு, ஆக மூன்று நாடாக்கள். ஊடை இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் இடத்தில் விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். நெசவாளரோடு தறியில் இன்னொருவரும் வேண்டும். முன்பு அந்த இரண்டாம் ஆளாகப் பெரும்பாலும் சிறுவரையே அமர்த்தினர். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 2009-இல் கட்டாயக் கல்விச் சட்டமும் வந்தன. எனினும் பள்ளி நேரத்துக்குப் பின் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கிறது. ஆகவே முதற் பாடவேளையில் தூங்கி விழும் தோழனைப் புதிய ஆசிரியர் சோம்பேறி என்று கருதினால், முந்திய இரவு அவன் தறியடியில் இருந்தான் என்பதை அவரிடம் தனியே சென்று கூறுங்கள். வகுப்பின் நடுவே கூறவேண்டா. அவனுக்கு நாணமாக இருக்கும்.

முதற் பயணத்துக்குக் கைலாசநாதர் கோயிலையே தேர்ந்தெடுக்கலாம். ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன் இராசசிம்ம பல்லவன் மணற்கல்லால் எழுப்பிய கோயில் அது. சுற்றுமதிலை ஒட்டிய சிறு சன்னிதிகளை எண்ணச் சொன்னால் கீழ்வகுப்பார்க்குக் கணக்கும் ஆயிற்று. நண்பகலில் நடை சாத்திவிடுவர், வெயிலும் பொறுக்காது. காலையிலேயே புறப்படுங்கள், ஆசிரியருக்கும் சேர்த்துத் தண்ணீர் கொண்டு செல்லுங்கள்.